கத்தி இருக்கிறது, பிணங்கள் எங்கே?

பிரெக்ட்டைச் சந்தை விழுங்கிவிட்டது என்று புலம்புவது நம் அரங்க நண்பர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அதற்கு அவர்கள் காட்டும் முதல் சாட்சி, ‘மெக்கி மெஸ்ஸர்’ பாட்டு. இந்தப் புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை.

1928 ஆகஸ்ட் 31 அன்று பெர்லினில் அரங்கேறிய ‘மூன்று காசு இசைநாடக’த்தின் முகப்புப் பாட்டு இது. எழுத்து பிரெக்ட், இசை குர்ட் வைல். மக்கீத் என்கிற கொள்ளைக்காரனின் குற்றங்களைத் தெருப்பாடகன் ஒருவன் பட்டியல் போடுகிறான். கொலைக்கதையைச் சந்தையில் பாடிக் காசு வாங்கும் ஜெர்மன் தெருப்பாட்டின் வடிவம். நம்மூர்க் கொலைச்சிந்துக்குப் பங்காளி. ஆக, இனிமையும் காசும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. ஒரே குட்டி மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. கால் தானாகத் தாளம் போடுகிறது. காதில் விழுவதோ பிணக்கணக்கு. தாளம் போட்ட காலைப் பார்த்துக் கேட்பவர் கூச வேண்டும். பிரெக்ட்டின் தந்திரம் அதுதான்.

1954இல் மார்க் பிளிட்ஸ்டைனின் ஆங்கில வடிவம் நியூயார்க்கில் மேடையேறியது. அதை 1955இல் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடினார். 1959இல் பாபி டாரினின் பதிவு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்தப் பதிவுகளில் கத்தி இருக்கிறது, சுறா இருக்கிறது, ரத்தம்கூட இருக்கிறது. ஜெர்மன் பிரதியில் நெஞ்சில் கத்தியோடு கிடக்கும் ஜென்னி டவ்லர் இல்லை. சோஹோ தீயில் கருகிய ஏழு குழந்தைகள் இல்லை. தூக்கத்தில் வன்புணரப்பட்ட, வயது வராத விதவை இல்லை. பதிலுக்கு வேறு பெண்கள் வருகிறார்கள்: மெக்கி ஊர் திரும்பிய சேதி கேட்டு வரிசையில் நிற்கும் ஜென்னி டைவர், சூகி டாட்ரி. 1928இல் மேடையில் ஜென்னியாக நடித்த, வைலின் மனைவியான லோட்டெ லென்யாவின் பெயரையும் ஆம்ஸ்ட்ராங் விளையாட்டாக அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

செத்த பெண்கள் ரசிகைகளாகிவிட்டார்கள். இந்தப் பாட்டின் நீண்ட ஆயுளுக்கு இதுதான் விலை என்கிறேன். 1980களின் பிற்பகுதியில் மெக்டொனால்ட்ஸ் தன் இரவுச் சாப்பாட்டு விளம்பரத்துக்கு இதே மெட்டை எடுத்தபோது, பிணங்களை ஏற்கெனவே அப்புறப்படுத்தியாகிவிட்டது.

பிரெக்ட்டும் தப்பிக்க முடியாது. அந்த விதவையின் பெயர் ஊரறிந்தது என்கிறது மூலப் பிரதி; பெயரைச் சொல்வதில்லை. ஜென்னி டவ்லரும் பேசுவதில்லை. பேசுகிறவன் பாடகன், பேசப்படுகிறவன் மெக்கி. ரசிகைகள் வந்து நிற்பதற்கான இடம் அந்த மௌனத்திலேயே காலியாகக் கிடந்தது. இது அவருக்கே உறுத்தியதோ என்னவோ, 1930இல் திரைப்படத்துக்காக எழுதிச் சேர்த்த முடிவில், யார் கண்ணுக்குப் படுகிறார்கள், யார் படுவதில்லை என்ற பேச்சை எடுக்கிறார். வெற்றி பெற்ற ஆங்கிலப் பதிவுகளில் அதுவும் கிடையாது.

வன்கொடுமையைப் பாட்டாக்கும் தோழர்கள் மெட்டு இனிக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பத்து ஊர் சுற்றி வந்த பிறகு பாட்டில் யார் பெயர் மிச்சமிருக்கிறது, வெட்டினவன் பெயரா, வெட்டுப்பட்டவள் பெயரா? அதைப் பார்த்தால் போதும்.