டைமிங் பெல்ட்டுக்காக ஒரு வக்காலத்து

டைமிங் செயின் உள்ள கார் என்றால் விற்பவர் குரல் ஒரு படி உயரும்: 'ஆயுசுக்கும் கை வைக்க வேண்டாம்.' பெல்ட் என்றால் வாங்குபவர் முகம் சுருங்கும். என் ஓட்டு பெல்ட்டுக்குத்தான். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று, ஒரு பல்கூடப் பிசகாமல். பெல்ட்டுக்கும் செயினுக்கும் வேலை இதுவே. 1962-இல் சாலைக்கு வந்த ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் இந்த வேலையைப் பல் வைத்த பட்டையிடம் ஒப்படைத்தது. இன்றைய பெல்ட்டில் ரப்பருக்குள் கண்ணாடி இழை, பல்லின்மேல் நைலான் துணி. எண்ணெய் கேட்காது, சத்தமும் போடாது. மாருதி 800 ஓடியதும் இப்படியொரு பட்டையில்தான்.

அறுந்தால் எஞ்சினே போய்விடுமே என்பார்கள். உண்மைதான்; பல எஞ்சின்களில் அந்த நொடியே பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். ஆனால் மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் வருடமும் கையேட்டில் அச்சாகியிருக்கின்றனவே! செயினுக்குப் பெரும்பாலும் அப்படியொரு கெடு இல்லை. 'செயின் நீண்டுவிட்டது' என்கிறார்கள். இரும்பு நீள்வதில்லை, கண்ணிகளைக் கோத்த பின்கள் மயிரிழை மயிரிழையாகத் தேய்கின்றன. அத்தனை தேய்மானமும் சேரும்போது வால்வு திறக்கும் நேரம் தள்ளிப்போகிறது. அழுக்கு ஆயிலில் தேய்மானம் இன்னும் வேகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் கடகடப்பு அதன் முனகல். அப்போது எஞ்சினின் முன்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். கூலி பெல்ட்டைவிடப் பெரும்பாலும் அதிகம். (ஆயிலில் ஊறியே ஓடும் புதுவகைப் பெல்ட்டுக்காக நான் வாதாட வரவில்லை, அதன் ரப்பர் உதிர்ந்து ஆயில் வடிகட்டியை அடைத்துவிடுகிறது.)

பழைய கார் வாங்குகிறவர்கள் பெல்ட் என்றால் அதை மாற்றிய பில்லைக் கேளுங்கள். செயின் என்றால், ஆயில் மாற்றிய எல்லா பில்களையும் கேளுங்கள்.