ரேழியில் ஓடிய ரோபோ: ஆர்டுயினோ ஊனோவும் எல்298என் டிரைவரும்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியின் பழைய வீடுகள் நீளமானவை. திண்ணை, ரேழி, கூடம் என்று கொல்லைவரை ஒரே நேர்கோடு. இரட்டை மோட்டார் ரோபோவை ஓட்டிப் பார்க்க இதைவிட நல்ல தடம் வேண்டாம். ஒரு வாரம் அங்கேதான் ஆர்டுயினோ ஊனோ போர்டையும் எல்298என் மோட்டார் டிரைவரையும் சோதித்தேன்.

ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்தது. துவாக்குடி அருகே உள்ள என்.ஐ.டி.யில் பிரக்யான் தொழில்நுட்ப விழா தொடங்கியதும் அதே ஆண்டுதான். இன்றும் ரோபோ கட்ட ஆசைப்படும் பிள்ளைகள் பலர் முதலில் கையில் எடுப்பது இந்தப் போர்டைத்தான்.

ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியர்தான் நிம்மதியாக எடுக்கலாம். 40-ஐத் தாண்டினால் சிப்புக்கே ஆபத்து. மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் சும்மா சுற்றவே அதைவிட அதிகம் கேட்கும். சக்கரம் சிக்கினால் பல மடங்கு. அதனால் நடுவில் டிரைவர் கட்டாயம். எல்298என் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர் வரை தரும். ஐஎன்1, ஐஎன்2 திசைக்கு, இஎன்ஏ வேகத்துக்கு. இஎன்ஏ-வில் செருகியிருந்த ஜம்பரைக் கழற்றிவிட்டு, பி.டபிள்யூ.எம். தரும் 9-ஆம் பின்னை அங்கே இணைத்தேன்.

முதல் நாள் மோட்டார்கள் விட்டுவிட்டு உதறின. புரோகிராமை இரண்டு முறை மாற்றியும் தீரவில்லை. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து பேட்டரி நெகட்டிவ்வையும் ஊனோவின் கிரவுண்டையும் தொட்டேன். சத்தமே இல்லை. ஊனோ லேப்டாப்பில், மோட்டார் பேட்டரியில். இரண்டுக்கும் பொதுவான பூஜ்யம் இல்லை. ஊனோ அனுப்பும் 5 வோல்ட்டை டிரைவர் எதை வைத்து அளக்கும்? ஒரு கறுப்பு வயர் போட்டதும் ரோபோ ஒரே ஓட்டமாகக் கொல்லைக்குப் போய்விட்டது.

குறையும் உண்டு. தொடராக இணைத்த இரண்டு 18650 செல்கள் 7.9 வோல்ட் காட்டின. மோட்டார் முனையில் 6.3தான். மீதி டிரைவருக்குள்ளேயே வெப்பமாகிறது. உள்ளே இருப்பவை பழைய பைபோலார் டிரான்சிஸ்டர்கள். நிலைப்படியில் ரோபோ முட்டி நின்றபோது ஹீட் சிங்க்கில் விரல் வைக்க முடியவில்லை. பேட்டரியில் ஓடும் சிறு வண்டிக்கு மாஸ்ஃபெட் வகையான டிபி6612 மேல். சேனலுக்குச் சராசரி 1.2 ஆம்பியர்தான், ஆனால் இழப்பு மிகக் குறைவு.

அடுத்து, துளசி மாடத்துக்கு நீர் விடும் குட்டி டி.சி. பம்பை ரிலே வழியாக இணைத்தேன். பம்பு நிற்கும்போதெல்லாம் ஊனோ ரீசெட் ஆனது. சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று அறுத்தால் மின்னழுத்தம் எதிர்த்திசையில் உதைக்கும். பம்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு வைத்தேன், வெள்ளிக்கோடு பாசிட்டிவ் பக்கம். ரீசெட் நின்றது. அதே ரிலேயில் 230 வோல்ட் இணைப்பைப் பிள்ளைகள் தனியாகத் தொடவே கூடாது.

ஊனோவைத் தயங்காமல் வாங்கலாம். சாக்கெட் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். சிப் போனால் பூட்லோடர் ஏற்றிய வேறொன்றைச் செருகலாம். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது பெரிய தைரியம். எல்298என் மேசையில் பழக நல்லது, ஓடும் வண்டிக்கு இரண்டாம் தேர்வுதான். பள்ளிக்கு இரண்டு கிட் வாங்கப் பணம் இருந்தால், ஒரு கிட்டும் ஒரு மல்டிமீட்டரும் வாங்குங்கள். விடுபட்ட கறுப்பு வயரை எனக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான்.