விலையைக் கேட்காத காணொளிகள்

மருந்துக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டுமா, நோயாளியின் கதையைப் படம் பிடியுங்கள் என்பது தொண்டு அமைப்புகளிடம் இன்று வேதவாக்கு. மூன்று நிமிடம், தாயின் முகம், பின்னணியில் வயலின். இதை ஆதரிப்போர் தவறாமல் காட்டும் சாட்சி 2021. தண்டுவடத் தசைநார் சிதைவு கண்ட குழந்தைகளுக்கு 'சோல்ஜென்ஸ்மா' ஊசி வாங்க 16 கோடி ரூபாய் கேட்டுக் காணொளிகள் பரவின. தமிழ்நாட்டிலும் பணம் திரண்டது. ஒன்றிய அரசு வரியைத் தள்ளுபடி செய்தது.

படம் மனத்தை அசைக்கும்; மறுக்கவில்லை. பெயரே தெரியாத நோயை வீடுதோறும் தெரியவைத்தவை அந்தக் காணொளிகள்தான். பிள்ளையைக் காப்பாற்றத் துடிக்கும் பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. என் வழக்கு, இதைப் பொதுநிதிக்கான போராட்ட முறையாகத் தூக்கிப் பிடிப்பவர்களோடு.

அரசு விட்டுக்கொடுத்தது தன் வரியை. ஊசியை விற்கும் நோவார்ட்டிஸ் நிறுவனம் தன் விலையை விட்டுக்கொடுத்ததா? அந்தக் கேள்வியை நான் பார்த்த எந்தக் காணொளியும் கேட்கவில்லை. 16 கோடி என்பது மழை, வெயில்போல இயற்கையாக வந்த ஒன்றாக நிற்கிறது. திரட்டுவது மட்டுமே நம் வேலை என்றாகிவிடுகிறது. மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் தேனி பஸ் புறப்படுமுன் ஏறி, லேமினேட் செய்த படத்தைக் காட்டி, மடிதோறும் சீட்டு வைத்துப் போகிறவரின் வேண்டுகோள்தான் இதுவும். பஸ் மட்டும் பெரிது.

அரசும் இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டது. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, விலை மிகுந்த சிகிச்சைகளுக்கு மக்களிடம் நன்கொடை திரட்ட ஓர் இணையதளத்தையே வழியாகச் சொன்னது. அந்தக் கொள்கையின்படி ஒரு நோயாளிக்கு அரசு தரும் உதவித்தொகையின் உச்சவரம்பு 2022இல் 50 லட்சமாக உயர்ந்தது. 16 கோடிக்கு முன்னால் அது எம்மாத்திரம்? பொதுநிதி கேட்டுக் கிளம்பிய கண்ணீர், நிதி தரவேண்டிய பொறுப்பைப் பொதுமக்கள் தலையிலேயே கட்டிவிட்டது. இதை வெற்றி என்கிறார்கள்.

விலை உண்மையில் எங்கே சரிந்தது? நீதிமன்றத்தில். இதே நோய்க்கான ரிஸ்டிப்ளாம் மருந்தை ரோச் நிறுவனம் புட்டி சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. அதே மருந்தை மலிவாகத் தயாரித்த நாட்கோ நிறுவனத்துக்குக் காப்புரிமை வழக்கில் தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நாட்கோவின் புட்டி 15,900 ரூபாய்க்கு வந்தது. காப்புரிமைச் சட்டப் பிரிவுகளை வைத்து நடந்த அந்த வாதத்தை மூன்று நிமிடப் படமாக்க எவரும் முன்வரமாட்டார்கள்.

முகமில்லாத நோயாளிகளை நினைத்தால் என் ஆத்திரம் கூடுகிறது. உசிலம்பட்டியிலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் ஆரப்பாளையத்தில் இறங்கி, பெரியாஸ்பத்திரியில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்கிப் போகிறவர்களை யார் படமெடுப்பார்கள்? அறுபது வயதுக்காரரின் ரத்தக்கொதிப்பில் கண்ணீர் சுரக்காது. அவருக்கு மருந்து வருவது, 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் வைத்து மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்புவதால். உருக்கமான முகத்தைப் பார்த்துத்தான் மருந்து ஒதுக்கப்படும் என்றால் வரிசையில் கடைசியில் நிற்பவர் அவரே.

காணொளியே கூடாதா? கூடும். ஆப்பிரிக்காவுக்கு எய்ட்ஸ் மருந்து மறுக்கப்பட்ட கதையைச் சொல்லும் 'ஃபயர் இன் த பிளட்' ஆவணப்படம், மருந்து நிறுவனங்களின் விலையையும் காப்புரிமையையும் நேராகக் குற்றக்கூண்டில் ஏற்றியது. இந்திய மருந்து நிறுவனமான சிப்லா 2001இல் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்கு அந்த மருந்தைத் தர முன்வந்ததையும் சொன்னது. அதில் நோயாளிகள் இரப்பவர்களாக அல்ல, வாதிகளாக நிற்கிறார்கள்.

அடுத்த படத்துக்குக் கேமராவைத் தூக்கும் நண்பர்களே, தாயிடம் நீட்டும் மைக்கை விலை வைத்த நிறுவனத்திடமும் சுகாதாரத் துறையிடமும் நீட்டுங்கள். பதில் சொல்ல மறுத்தால், மறுத்ததைக் காட்டுங்கள்.