கண்ணாக இருப்பது யார்?

படப்புத்தகங்களை நாம் விமர்சனத்துக்கு உரியவையாக எண்ணுவதில்லை. கவிதைத் தொகுப்பொன்று வந்தால் பத்துப் பேர் பேனையைத் தூக்குகிறோம். பிள்ளை நூலகத்திலிருந்து கொண்டுவரும் மெல்லிய புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். ஆகவே எங்களில் பலருக்கு வதிவிட அனுமதி கிடைக்கமுன்னரே எங்கள் பிள்ளைகளுக்குக் குடியியல் தொடங்கிவிடுகிறது. பாடநூல் வைத்தல்ல; யானை, மீன், மாடு இவற்றின் வாயிலாக. வேலையில்லாத நாளில் பிள்ளை வாசிக்க நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்களது பிரெஞ்சு எங்களுடையதைவிட நன்று.

யானையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ழான் டு புரூனோவின் 'பபார்' 1931இல் வந்தது. தாயை வேட்டைக்காரன் சுட, குட்டி நகரத்துக்கு ஓடுகிறது. வயதான சீமாட்டி ஒருத்தி பணம் கொடுக்கிறாள். பச்சை நிறத்தில் கோட்டும் சூட்டும் வாங்கி அணிகிறது. காட்டுக்குத் திரும்பியதும் அதுவே அரசன். மனிதர் மத்தியில் நிறையக் கற்று வந்திருக்கிறதாம். இதிலுள்ள காலனித்துவ மனத்தை ஏரியல் டோர்ஃப்மன் 1983இலும் ஹேர்பேட் கோல் 1995இலும் விரிவாகவே எழுதிவிட்டார்கள். கோட்டுப் போட்டவனே ஆளத் தகுந்தவன் என்று அறிய எமக்கு யானை தேவையில்லை, எங்கள் கட்சிகளின் சட்டத்தரணிகளே போதும். ஆனால் சீமாட்டி வீட்டு யன்னலில் நின்று தாயை நினைத்து அது அழுகிற அந்த ஒரு பக்கத்தை எந்த விமர்சகருக்கும் விட்டுக்கொடுக்க நாம் தயாரில்லை.

மீன் கதைதான் எம்மை நிறுத்துகிறது. பாசிச இத்தாலியை விட்டு 1939இல் அமெரிக்கா சென்றவர் லியோ லியோனி. 1963இல் வந்த அவரது 'சுவிமி'யை ஓர் ஏதிலியின் புத்தகமாகவே நாம் வாசிக்கிறோம். சிவப்பு மீன் கூட்டத்தில் ஒன்று மட்டும் கறுப்பு. சூரை மீனொன்று பாய்ந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட, கறுப்பு தப்புகிறது. பிறகு வரும் பக்கங்களில் அது பயந்து, தனித்து, ஆழ்கடலில் அலைகிறது. சொறிமுட்டை, சிங்கி இறால், விலாங்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மெல்ல உயிர் பெறுகிறது. எல்லாம் இழந்த ஒருவர் உலகத்தை மறுபடி பார்க்கத் தொடங்குவதை இவ்வளவு சில சொற்களில் சொன்ன கதை எங்கள் புகலிட எழுத்தில் அதிகமில்லை.

ஆனால் குடியியலுக்காக வாசிக்கும்போது கடைசிப் பக்கங்களே பாடமாகின்றன. பாறை நிழலில் ஒளிந்திருக்கும் இன்னொரு சிவப்புக் கூட்டத்தைக் கறுப்பு மீன் காண்கிறது. நெருங்கி, ஒவ்வொன்றும் தன்தன் இடம் தவறாமல் நீந்தப் பழக்குகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய மீன். கண்ணாகத் தானே இருப்பதாகக் கறுப்பு அறிவிக்கிறது. பெரிய மீன்கள் ஓடிவிடுகின்றன. ஒற்றுமையே பலம் என்று வாத்தியார் புத்தகத்தை மூடலாம்.

எமக்கு மூட முடியவில்லை. வலையோடு பறந்த புறாக்களைச் சின்ன வயதில் படித்தவர்கள் நாம். அங்கே புறாக்களின் அரசன் தன் கட்டை விட்டு மற்றவர்களின் கட்டை முதலில் அறுக்கும்படி எலியைக் கேட்கிறான். ஒற்றுமையின் பெயரால் நடந்தவற்றை வளர்ந்தபின் பார்த்தோம். வேலைத்தலத்திலும் 'நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம்' என்று முதலாளி சொல்வது சம்பளம் பிந்துகிற மாதத்தில்தான். இந்தக் கதையில் சிவப்பு மீன் ஒன்றுக்கும் பெயரில்லை. வர விருப்பமா என்று அவற்றிடம் கேட்டதாகவும் இல்லை. பிரெஞ்சுப் பதிப்பு கறுப்பு மீனுக்கு 'பிலோத்தன்' என்று பெயரிட்டது. கப்பலோட்டப் பயிலும் இளைஞனைக் குறிக்கிற சொல். லியோனி அந்தக் கண்ணைக் கலைஞனின் கண்ணாக எண்ணியவர். தலைவனின் கண்ணாக அதைப் பார்ப்பது எங்கள் வரலாறு செய்த வேலை. எமக்குத் தெரிந்த வீடொன்றில் ஐந்து வயதுப் பிள்ளை கேட்டது: "நடுவில நிக்கிற மீனுக்கு என்ன தெரியும்?" பக்கத்து மீனின் வால் தெரியும். சூரை மீன் பொய் என்று நாம் சொல்லவரவில்லை. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இடம் வைக்காத வாசிப்பு படிப்பிப்பது அணிவகுப்பை.

டோரீன் குரோனின் எழுதி பெற்சி லூவின் வரைந்து 2000இல் வந்த பசுக்களின் கதை இந்த இடத்தில் உதவுகிறது. கொட்டிலில் கிடந்த பழைய தட்டச்சுப்பொறியில் பசுக்கள் கடிதம் அடிக்கின்றன: இரவில் குளிர், மின்போர்வை வேண்டும். பண்ணைக்காரர் மறுக்கிறார். பால் இல்லை என்று ஒட்டிவிடுகின்றன. கோழிகளும் சேர்கின்றன, முட்டையும் இல்லை. பசுக்கள் கூடிக் கதைக்கின்றன. குசினியில் நிற்கிற எவருக்கும் இது விளக்காமலே விளங்கும். முடிவில் போர்வைக்குப் பதிலாகத் தட்டச்சுப்பொறியைக் கொடுத்துவிடச் சம்மதிக்கின்றன. இந்தப் பேரம் எமக்கு உவப்பில்லை. குளிர் அடுத்த வருடமும் வரும், எழுத எது இருக்கும்? கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நடுநிலை வாத்தோ பொறியைத் தானே வைத்துக்கொண்டு, குளத்தில் பாய்வதற்குப் பலகை கேட்கிறது. நடுநிலையாளர்களைப் பற்றி எமக்கும் கொஞ்சம் அனுபவமுண்டு. ஆனாலும் இங்கே கேட்பதும் மறுப்பதும் பேரம் பேசுவதும் ஏமாறுவதும் பிள்ளையின் கண் முன்னே நடக்கின்றன. பிள்ளை சிரித்துக்கொண்டே பசுக்களோடு சண்டை பிடிக்கலாம்.

எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கலாம். மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. படத்தைக் காட்டி வாயால் சொன்னால் போதும். சிவப்பு மீன்களுக்குப் பெயர் வைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.