மாத்தளையின் மூப்பர்களும் உபதேசியார்களும்

இலங்கைக் கிறிஸ்தவம் பற்றிய நூல்களில் மாத்தளை மாவட்டத்துக்குக் கிடைத்த பக்கங்கள் மிகக் குறைவு. யாழ்ப்பாணம், மன்னார், நீர்கொழும்பு என்று கரையோரத்தைச் சுற்றியே வரலாறு எழுதப்பட்டது. மலைநாட்டுக்கு வரும் ஆய்வாளர்களும் கண்டியோடு நின்றுவிடுகிறார்கள். விசுவாசம் எளிய மனிதரை எப்படி நிமிர்த்துகிறது என்று அறிய விரும்புகிறவர் இன்னும் சற்று வடக்கே போகவேண்டும்.

கலேவெலப் பக்கத்து வஹாகோட்டையிலிருந்து தொடங்கலாம். கண்டி அரசர்களிடம் சிறைப்பட்ட போர்த்துக்கீசரின் வழிவந்தோர் குடியேறிய கிராமம் அது என்பது மரபு. இன்று அவர்கள் சிங்களம் பேசும் கத்தோலிக்கர். அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு ஆண்டுத் திருவிழாவில் தமிழரும் சிங்களவரும் திரள்கிறார்கள். மலைநாட்டுக் கத்தோலிக்கர் குருவில்லாமல் வாழ்ந்த காலமும் உண்டு. 1658இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விழுந்தது. மலைநாட்டுக்கு அவர்கள் வரும் வழியும் அடைபட்டது. கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து இறங்கியது 1687இல்தான். அந்த முப்பது ஆண்டுகளில் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்? சாகக் கிடந்தவரின் தலைமாட்டில் ஜெபம் சொன்னது யார்? பெயர் தெரியாத தாய்மாரும் முதியவர்களும்தான்.

வாஸ் அடிகளாரின் வாழ்வை எஸ். ஜி. பெரேரா அடிகளார் விரிவாக எழுதியிருக்கிறார். ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களைப் பெர்னியோலா அடிகளார் தொகுத்துத் தந்தார். 1692இல் ஒற்றன் என்ற சந்தேகத்தில் கண்டியில் சிறைப்பட்டது, 1697இல் பெரியம்மை பரவியபோது ஊரார் கைவிட்ட நோயாளிகளை மதம் பாராமல் குளிப்பாட்டிச் சோறூட்டியது, 1711இல் கண்டியிலேயே மறைந்தது, எல்லாம் நமக்குத் தெரியும். 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். என் மனம் அவரைவிட, அவர் ஊர்தோறும் நம்பி விட்டுப்போன மூப்பர்களிடமும் அண்ணாவிகளிடமும்தான் நிற்கிறது. குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. மற்ற ஞாயிறுகளில் மக்களைக் கூட்டி ஜெபம் சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தவர்கள் இவர்கள். இப்படிப்பட்ட சபைகளுக்காகவே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். புனிதர் ஒருவருக்கு வரலாறு கிடைத்தது. அவர் சபையைக் காத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த வரலாற்றின் இரண்டாவது அத்தியாயம் ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்களுடையது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து கால்நடையாக மாத்தளைக்கு வந்த தமிழர் கோப்பித் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தனர். 1854இல் தோட்டத் துரைமாரின் பண உதவியோடு சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பணியைத் தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியார்கள் அதில் நடந்து நடந்தே ஊழியம் செய்தார்கள். பகலில் எல்லோரும் மலையில் வேலை. ஆகவே ஜெபக்கூட்டம் பொழுது சாய்ந்த பிறகு லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் வாசலில்தான். களைத்து வந்த பெண் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து உட்காருவாள். அடிக்கடி பிள்ளை அழும், எழுந்து போவாள், மறுபடி வருவாள். மலையகத்தில் இன்றும் வீட்டு ஜெபம் இப்படித்தான் நடக்கிறது.

துரைமாரின் காசில் நடந்த பணியால் துரைமாரைத் தட்டிக்கேட்க முடியாது. சாராயத்தை விடு, பொய் சொல்லாதே என்ற போதனை சரியே; குடியை விட்ட தகப்பனால் அடுப்பு எரிந்த வீடுகள் பல. ஆனால் கூலிக் குறைவையும் ஆள்சேர்க்கும் கங்காணியிடம் பட்ட கடனையும் பேசாத ஒழுக்கம் பாதி ஒழுக்கம்தான். அந்தக் கோப்பிக்காலத் துயரை டொனோவன் மோல்டிரிச் 1989இல் நூலாக்கினார். கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் தொடங்கிய சத்தியோதயம் என்ற சமூக நிலையம், தோட்டமக்கள் உரிமையைக் கிறிஸ்தவக் கடமையாகவே எடுத்துக்கொண்டது. இவர்களுக்குப் பிறகு ஆவிக்குரிய வாழ்வு வேறு, நியாயத்துக்காக நிற்பது வேறு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டும் ஒன்றே என்பதற்குக் கண்முன் சாட்சி 2023. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததன் நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடைபயணம் நடந்தது. இலங்கைத் தேசியக் கிறிஸ்தவ மன்றமும் அதை முன்னின்று நடத்தியது. ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. பாட்டன் பூட்டன் பசியோடும் காய்ச்சலோடும் வந்த வழியில், காணியும் சமவுரிமையும் கேட்டுப் பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். பல மதத்தவரும் சேர்ந்து நடந்தார்கள். அதுதான் அதன் பலம்.

அருட்பணியாளரின் கடிதங்களும் அரச அறிக்கைகளும் நூலாகிவிட்டன. லயத்தில் ஜெபம் நடத்திய தாத்தா, வஹாகோட்டையில் செபமாலை சொல்லித் தந்த பாட்டி ஆகியோரின் கதைகள் மட்டும் எழுதப்படாமல் போகின்றன. மாத்தளை, ரத்தோட்டை, உக்குவெல, கலேவெலப் பங்குகளிலும் சபைகளிலும் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை ஈரம் தின்னுமுன் படமெடுத்து வையுங்கள், வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது, அவர்கள் சொல்லும் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.