வாடகைக் குண்டன்

2023 ஏப்ரலில் 'போக்கேமான் ஸ்டேடியம்' ஸ்விட்ச் சந்தாதாரர்களுக்கு மறுபடியும் வந்தது. 2000இல் நிண்டெண்டோ 64க்கு வெளியான அதே ஆட்டம்தான். இப்போது இணையம் வழியாக நால்வர் மோதலாம். ஆனாலும் இதை முழு ஆட்டமாக என்னால் ஏற்க முடியவில்லை.

காரணம் ஒரு பிளாஸ்டிக் துண்டு. 'டிரான்ஸ்ஃபர் பேக்' என்று பெயர். கண்ட்ரோலரில் அதைச் செருகி, அதற்குள் கேம் பாய் கேட்ரிஜைச் செருகினால், கையளவு திரையில் வெறும் புள்ளிகளாக இருந்த நம் போக்கேமான் தொலைக்காட்சியில் முப்பரிமாண உடம்போடு வந்து நிற்கும். நாம் வைத்த பெயரும் கூடவே வரும். பெயர் வைத்தவற்றின் நிறம்கூட லேசாக மாறும். எவ்வளவு அழகான யோசனை!

கிள்ளானில் அண்ணனின் கேம் பாயில் மாதக்கணக்கில் வளர்த்த ஸ்னோர்லாக்ஸுக்கு நான் வைத்த பெயர் குண்டன். நிண்டெண்டோ 64 இருந்ததோ பிரிக்பீல்ட்ஸில், மாமா வீட்டில். கேட்ரிஜைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்யூட்டர் ரயில் ஏறுவோம். ஷா ஆலம் வருவதற்குள், "டேய், பையில இருக்கா பாரு" என்று அண்ணன் மூன்று தடவை கேட்டுவிடுவார். திரையில் குண்டனின் பெயரைப் பார்த்ததும் மாமா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவனுடைய மூன்றும் வரிசையாகப் படுத்தன. சிரிப்பு நின்றது.

புதிய பதிப்பில் அந்த இணைப்பு இல்லை. மிச்சம் இருப்பது வாடகைப் போக்கேமான்கள். ஆறைப் பதிந்து மூன்றை இறக்கு, அவ்வளவுதான். கதை கிடையாது, சுற்றித் திரிய ஊர் கிடையாது. வாடகைக்கு வருபவற்றுக்குப் புதுத் தாக்குதல் எதையும் கற்றுக்கொடுக்கவும் முடியாது. எல்லாருக்கும் ஒரே பட்டியல், அதனால் திறமைக்கே மதிப்பு என்று சிலர் வாதிடலாம். கேம் பாய் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு அன்று அது உதவியதும் உண்மை. ஆனால் அடுத்தவன் சேவலைக் கடன் வாங்கிக் களத்தில் விட்டால், ஜெயித்தாலும் யார் மீசையை முறுக்குவது?

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய சேமிப்புக் கோப்பை உள்ளே கொண்டுவர ஒரு வழி செய்வது மலையைப் புரட்டும் வேலை இல்லை. கேட்ரிஜுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்தால் சேமித்தது எல்லாம் போய்விடும். பல குண்டன்கள் இந்நேரம் அப்படிப் போயிருப்பார்கள்.

ஒன்பது குட்டி விளையாட்டுகள் மட்டும் சேதமில்லாமல் வந்திருக்கின்றன. லிக்கிடங் சுஷி தின்னும் போட்டியில் இன்றைக்கும் வீடே அலறுகிறது. அவற்றுக்கு நாம் வளர்த்தது எதுவும் அன்றும் தேவைப்படவில்லை.