கூத்து வாத்தியாரும் அண்ணாவியாரும்

நடிப்புப் பயிற்சி என்று பேச்செடுத்தால் இரண்டு கட்சிகள் எழுந்துவிடுகின்றன. எழுதிய வசனம் இல்லாமல், எதிரில் நிற்பவர் கொடுப்பதை வாங்கி அந்த நொடியிலேயே காட்சியை உண்டாக்கப் பழக்கவேண்டும் என்பது ஒன்று. பாத்திரத்தின் மனசுக்குள் இறங்கி, தன் சொந்த நினைவிலிருந்து உணர்ச்சியைத் தோண்டியெடுக்கப் பழக்கவேண்டும் என்பது மற்றொன்று. இம்ப்ரோவைசேஷன், மெத்தட் என்ற பெயர்களிலேயே நம் பட்டறைகளிலும் இவை புழங்குகின்றன. ஏதோ ஒன்றைத் தேர்ந்துகொண்டே ஆகவேண்டும் என்று இளம் நடிகர்கள் நினைப்பதுதான் வருத்தம். மெத்தட்டுக்கு மூலமான ரஷ்ய நாடகக்காரர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியே தம் கடைசி ஆண்டுகளில், வசனத்தை மனப்பாடம் செய்யும் முன்பே எழுந்து நின்று சொந்தச் சொற்களில் காட்சியை ஆடிப்பார்க்கச் சொன்னவர். நியூயார்க்கில் 1947இல் தொடங்கி, பிறகு லீ ஸ்ட்ராஸ்பெர்க்கின் கையில் வளர்ந்த ஆக்டர்ஸ் ஸ்டூடியோவிலும் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

இரண்டும் ஒரே உடம்பில் சேர்வதைப் பார்க்க நியூயார்க் வரை போகவேண்டியதில்லை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருப்பவர்கள் தங்கள் மாவட்டத்தில் பாரதம் நடக்கும் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போனால் போதும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. துகிலுரிதல் அன்று திரௌபதி வேஷம் கட்டியவருக்கு அருள் வந்துவிடுவதும், கற்பூரம் காட்டி அவரைத் தணிப்பதும் உண்டு. தன்னை மறந்து பாத்திரத்துக்குள் போவதன் உச்சம் அது. அதே களத்தில் கட்டியக்காரன் என்ன செய்கிறான்? ராஜா வரும்முன் திரைக்கு வெளியே நின்று, அன்றைய ஊர்ச் சங்கதியை இழுத்து, முன்வரிசைக் கிழவரை வம்புக்கு இழுத்து, விடிய விடியக் கூட்டத்தைக் கட்டிவைக்கிறான். அவன் பேசும் வசனம் எந்த ஏட்டிலும் இல்லை. கூத்தில் பாட்டும் விருத்தமும் கட்டுப்பட்டவை. பேச்சு பெரும்பாலும் ஆடுபவரின் பொறுப்பு.

அர்ச்சுனன் தபசு கூத்தைத்தான் இதற்கு ஆகச்சிறந்த பாடம் என்பேன். தபசு மரத்தில் படிப்படியாக ஏறிக்கொண்டே நடிகர் பாடுகிறார். கீழே பிள்ளைவரம் கேட்டு நிற்கும் பெண்களுக்கு எலுமிச்சையும் விபூதியும் மேலிருந்து வருகின்றன. அவர் மனசு தவத்தில் நிற்கவேண்டும். கண்ணும் கையும் கூட்டத்தோடு இருக்கவேண்டும். உள்ளும் புறமும் ஒருசேர விழித்திருக்கும் இந்த நிலையைத்தான் உலகத்து நடிப்பாசிரியர்கள் எல்லாரும் வேறு வேறு பெயரில் தேடியிருக்கிறார்கள்.

இதே மாவட்டத்தில், செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில், கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைக் கண்டுதான் நாடகாசிரியர் ந. முத்துசாமி தம் நாடகத்துக்கான நடிகனை அடையாளம் கண்டார். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை பிறந்தது. தம்பிரானே அங்கே நடிகர்களுக்கு அடவு கற்பித்தார். சிலம்பம், யோகா, குரல் பயிற்சி, இம்ப்ரோவைசேஷன் எல்லாம் பாடமாயின. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விதார்த், விமல் என்று அங்கிருந்து வந்தவர்களின் வரிசை நீளம். கணக்கராகச் சேர்ந்து நடிகர்களைப் பார்த்துப் பார்த்தே கற்ற விஜய் சேதுபதியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1980இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை வீதி நாடகக்காரர்களுக்கு இன்னொரு வாசலைத் திறந்தது.

கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் கணக்கு மாறுகிறது. நம் பக்கத்தில் கூத்து ஆடுவது ஜமா என்ற தொழில்முறைக் குழு. ஊர் பணம் கொடுத்து ஆட அழைக்கிறது. பையன் ஒருவன் ஜமாவில் சேர்ந்து, சின்ன வேஷத்தில் தொடங்கி, களத்திலேயே தொழில் கற்கிறான். மட்டக்களப்பில் ஊரே ஆடுகிறது. விவசாயியும் மீனவரும் கூத்து ஆசானான அண்ணாவியாரிடம் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். ஆளையும் குரலையும் பார்த்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவுசெய்து அவரவர் பங்கை ஏட்டில் தருவது சட்டங்கொடுத்தல். ஆட்டம் பிடிபட்டதும் சதங்கை அணிதல். பிறகு வாராந்திர ஒத்திகையான கிழமைக்கூத்து, முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், கடைசியில் களரியில் அரங்கேற்றம். கூத்தின் இரு மரபுகளில் வடமோடியா தென்மோடியா என்பதற்கேற்பத் தாளக்கட்டும் ஆட்டமும் மாறும். ஒவ்வொரு படியிலும் ஊர் கூடவே இருக்கிறது. இவ்வளவு முறையான பாடத்திட்டம் நம் கூத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

இந்த அடித்தளம்தான் அங்கே நவீன நாடகத்தின் போக்கையும் முடிவுசெய்தது. அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவற்றின் மூலம் விடிய விடிய ஆடும் கூத்தை மாணவர்கள் ஆடும் குறுகிய மேடை நாடகமாக்கினார். அவரிடம் பயின்ற சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பில் அதையே நடிகர் பயிற்சியாக வளர்த்தெடுத்தார். 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் முன்னின்று நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அரங்க விளையாட்டு, குழுவாகக் கதை கட்டுதல், சிறுவர் நாடகம் என அங்கே பயிற்சி விரிந்தது. அவர் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் ஊர் ஊராகப் போனது.

உள்நாட்டுப் போர் முற்றிய பிறகு அங்கே எழுந்த சிக்கலை நாம் இங்கே எதிர்கொண்டதே இல்லை. அண்ணனை இழந்தவளிடம் உன் சொந்தத் துயரத்தை நினைவுக்குக் கொண்டுவந்து நடி என்று சொல்ல எந்த ஆசிரியருக்கு மனம் வரும்? மெத்தட் வழியின் உணர்ச்சி நினைவு அந்த மண்ணில் பயிற்சியாகாது, புண்ணைக் கிளறுவதாகும். அதனால் அங்கே விளையாட்டும் உடம்பும் குழுவும் முதலில் வருகிற வழிதான் பொருந்தியது. சேர்ந்து ஓடி, பாடி, சிரித்து, பயம் கொஞ்சம் விலகியபின், சொல்ல விரும்புகிறவர் தம் கதையைத் தாமே காட்சியாக்குவார். விரும்பாதவரை யாரும் நெருக்கக் கூடாது. போரின் மனக்காயத்தைப் பேசிய சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ இந்தச் சூழலிலிருந்து வந்த படைப்பு. பயிற்சி என்ற பெயரில் இளைஞர்களை அழவைப்பதைச் சாதனையாக நினைக்கும் நம் நடிப்பு வகுப்புகள் இதைக் கட்டாயம் கற்கவேண்டும். முதலில் விளையாட்டு, பிறகு நினைவு என்ற அந்த வரிசையே எல்லா இடத்துக்கும் சரியானது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு வேறுபாடும் பெரிது. இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ பள்ளிப் பாடம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் மாணவர்கள் அதில் தேர்வெழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பட்டப்படிப்பாகவும் தொடரலாம். தேர்வு என்று வந்தால் குறிப்பெடுத்து ஒப்பிக்கும் ஆபத்து உண்டுதான். ஆனாலும் அங்கே ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு நாடகத்தின் கதவு வகுப்பறையிலேயே திறக்கிறது. இங்கே அந்தக் கதவு பெரும்பாலும் சினிமா ஆசையால் திறக்கிறது. பட்டறையைத் தேடி நகரத்துக்குப் போக வழியில்லாதவர் வெளியிலேயே நின்றுவிடுகிறார். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபால் குழுவினர் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் ஓர் அருமையான விதிவிலக்கு. பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள்.

அது மூடிவிட்ட நிலையில், அந்த வேலையை அரசுப் பள்ளிதான் எடுத்துச் செய்யவேண்டும். அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் வந்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் போட்டிக்கு முந்தைய சில நாள் ஒத்திகை நடிகரை உண்டாக்காது. திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில்தான் இருக்கிறது. கூத்துக் கலைஞர்கள் தங்கள் கோரிக்கை மனுக்களோடு வரவேண்டியதும் இங்கேதான். மாவட்ட நிர்வாகமும் பள்ளிக் கல்வித்துறையும் சேர்ந்து, கூத்து இல்லாத மாதங்களில் கூத்து வாத்தியார்களைச் சம்பளம் கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பவேண்டும். மட்டக்களப்பின் படிமுறையை முன்மாதிரியாக வைத்து ஓர் ஆண்டுப் பயிற்சியாக அதை வகுக்கவேண்டும். அடவையும் பாட்டையும் வாத்தியார் கற்றுத்தரட்டும். கட்டியக்காரனின் பேச்சைப் பிள்ளைகளே உண்டாக்கட்டும்.